கடந்த ஆண்டு 13 வெற்றி, இந்த ஆண்டு தொடக்கத்திலேயே சரிவு: கல்லூரி அணியின் கோளாறை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

இங்கே பேசுவது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, நான்கு டவுன், பத்து யார்டு ஆட்டம்; பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் சனிக்கிழமைதோறும் பார்ப்பதும் இதைத்தான். ஓர் அணி போன ஆண்டு வெளுத்து வாங்கிவிட்டு இந்த ஆண்டு முதல் நான்கு ஆட்டங்களில் தடுமாறினால், "போன வருஷம் இந்நேரம் 4-0, இப்போது 1-3" என்ற ஒற்றை வெற்றி-தோல்வி வரியோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. அந்த வரி சரிவு வந்தது என்று மட்டும்தான் சொல்லும். கோளாறு தாக்குதலிலா தடுப்பிலா, ஆட்களிலா அதிர்ஷ்டத்திலா என்று சொல்லாது.

எடுத்துக்காட்டாக ஃபுளோரிடா ஸ்டேட் அணியை வைத்துக்கொள்வோம். மைக் நார்வெல் பயிற்சியில் 2023-ல் வழக்கமான பருவ ஆட்டங்கள், ஏசிசி (அந்த அணி இருக்கும் லீக்) இறுதி ஆட்டம் எல்லாம் சேர்த்து 13-0. ஆனாலும் தேசியப் பட்டத்துக்கான நான்கு அணி பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியது. 2024 பருவத்துக்கு முந்தைய ஏபி தரவரிசையில் (விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிப்பது) 10-வது இடம். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, முடிவில் 2-10. இதைவிடத் தெளிவான சரிவு அண்மையில் அரிது. எல்லா அறிகுறியும் இந்த ஒரே அணியில் கிடைக்கிறது.

முதலில் தாளைச் சுத்தம் செய்யுங்கள்

ஒப்பீடுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். இரண்டு பருவத்துக்கும் ஆட்டவாரியாக எடுத்த புள்ளி, விட்ட புள்ளி இரண்டையும் எழுதிக்கொண்டு, கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள்.

1. தேதியை வைத்து ஒப்பிடாதீர்கள், ஆட்ட எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். 2024-ல் அணி டப்ளினில் ஆகஸ்ட் 24 அன்றே ஆடத் தொடங்கிவிட்டது. 2023-ல் செப்டம்பர் 3. செப்டம்பர் முதல் வார முடிவில் ஒரு பக்கம் இரண்டு ஆட்டம், மறுபக்கம் ஒன்று.

2. பவுல் ஆட்டத்தை வெட்டுங்கள். கல்லூரிக் கணக்கில் 2002 முதல் பவுல் எண்களும் பருவ எண்ணோடு சேர்ந்துவிடுகின்றன. ஃபுளோரிடா ஸ்டேட்டின் 2023 சராசரி பவுலோடு 34.6, பவுல் இல்லாமல் சரியாக 37. விட்ட புள்ளி பவுலோடு 19.3, இல்லாமல் 15.9. அந்த ஆரஞ்சு பவுலில் 20-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கவில்லை. அது அந்தப் பருவத்து அணியே அல்ல.

3. கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிகளோடு ஆடியதை வெட்டுங்கள். 2023-ல் வடக்கு அலபாமா (58-13), 2024-ல் சார்ல்ஸ்டன் சதர்ன் (41-7). இந்த ஒற்றை ஆட்டம் எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள்: 2024 பருவச் சராசரி 15.4 புள்ளி. சார்ல்ஸ்டன் சதர்னை எடுத்துவிட்டால் 11 ஆட்டத்தில் 144, அதாவது 13.1.

4. கூடுதல் நேரப் புள்ளியைக் கழியுங்கள். கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்தே பந்து கிடைக்கிறது. அங்கே எடுக்கும் புள்ளி மலிவானது. 2023 கிளெம்சன் ஆட்டம் 31-24 என்று முடிந்தாலும் முறையான 60 நிமிடத்தில் 24-24.

5. தடுப்புப் பிரிவும் சிறப்புப் பிரிவும் (பந்தை உதைக்கும் வேளைகளில் ஆடுவது) எடுத்த டச்டவுனை, அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்ததை, தாக்குதல் கணக்கிலிருந்து கழியுங்கள். அதே கிளெம்சன் ஆட்டத்தில் கேலன் டிலோச் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) வீழ்த்தி, நழுவிய பந்தை எடுத்து 56 யார்டு ஓடி எடுத்த ஏழு புள்ளி தாக்குதல் பிரிவின் சம்பாத்தியம் அல்ல.

6. 2022-க்கும் 2023-க்கும் நடுவே கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2023 முதல் ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தாலும் (பத்து யார்டு முன்னேறிப் புதிதாக நான்கு வாய்ப்பு பெற்றாலும்) கடிகாரம் நிற்பதில்லை, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர. ஓர் ஆட்டத்துக்கு ஆட்டமுறைகள் (ஒரு டவுனில் எடுக்கும் தனி முயற்சிகள்) குறைந்துவிட்டன. அந்தக் கோட்டைத் தாண்டி ஒப்பிட்டால் மொத்த யார்டு வேண்டாம், ஓர் ஆட்டமுறைக்கு எத்தனை யார்டு என்று பாருங்கள். 2023-ஐயும் 2024-ஐயும் ஒப்பிட இந்தத் தொல்லை இல்லை.

சுத்தம் செய்யாத எண்ணையும் பக்கத்தில் வைத்திருங்கள். எந்த வெட்டு எவ்வளவு மாற்றியது என்பதே ஒரு தகவல்.

அறிகுறி: வெற்றி மறைந்துவிட்டது, விட்ட புள்ளி மட்டும் அப்படியே

முதல் நான்கு ஆட்டத்தைப் பக்கம் பக்கமாக வையுங்கள்.

2023: எல்எஸ்யூ 45-24, சதர்ன் மிசிசிப்பி 66-13, பாஸ்டன் கல்லூரி 31-29, கிளெம்சன் 31-24. எடுத்தது 173, விட்டது 90.

2024: ஜார்ஜியா டெக் 21-24, பாஸ்டன் கல்லூரி 13-28, மெம்ஃபிஸ் 12-20, கலிஃபோர்னியா 14-9. எடுத்தது 60, விட்டது 81.

விட்ட புள்ளி 90-லிருந்து 81-ஆகக் குறைந்திருக்கிறது! 4-0 அணியைவிட 1-3 அணி குறைவாகத்தான் விட்டது. எடுத்ததோ ஆட்டத்துக்கு 43-லிருந்து 15. சரிவு முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. இந்த நிலையில் தடுப்புப் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருப்பது, வண்டியில் பெட்ரோல் இல்லாதபோது பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பது மாதிரி.

அடுத்து தாக்குதலின் தரை எங்கே என்று பாருங்கள். 2023-ல் ஏசிசி இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வழக்கமான பருவ ஆட்டங்களில் மிகக் குறைந்த புள்ளி 24 (பிட்ஸ்பர்க், ஃபுளோரிடா). 2024-ல் மேல்பிரிவு அணிகளுக்கு எதிராக எடுத்த மிக அதிகமான புள்ளி 21. அது டப்ளினில் ஆடிய முதல் ஆட்டம். அதன் பிறகு மேல்பிரிவு அணிகளிடம் 16-ஐத் தாண்டவே இல்லை. முந்தைய ஆண்டின் தரை இந்த ஆண்டின் கூரையைவிட உயரத்தில் இருக்கிறது. இப்படி இரண்டு பருவமும் ஒன்றின்மேல் ஒன்று படியவே இல்லை என்றால் "ஒரு மோசமான நாள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. தரையும் கூரையும் பாதியாவது ஒன்றோடொன்று கலந்திருந்தால் இன்னும் இரண்டு ஆட்டம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் இங்கேயே ஒரு பொறி உண்டு. எந்தப் பழைய அணியோடு ஒப்பிடுகிறீர்கள்? குவார்ட்டர்பேக் ஜார்டன் டிராவிஸ் 20 டச்டவுன் எறிந்து இரண்டே இடைமறிப்பு (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) கொடுத்தவர். 2023 நவம்பர் 18 அன்று காலில் அடிபட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு மேல்பிரிவு அணிகளோடு பவுலுக்கு முன் ஆடியது இரண்டே ஆட்டம்: ஃபுளோரிடாவுக்கு எதிராக 24, லூயிவில்லுக்கு எதிராக 16. சராசரி 20. ஆக, 43-லிருந்து 15-க்கு விழுந்ததாகத் தெரிவது உண்மையில் பெரும்பகுதி வழியை முந்தைய பருவத்தின் கடைசியிலேயே கடந்துவிட்டது. தொடக்கத்தைத் தொடக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. முந்தைய பருவத்தின் கடைசி மூன்று ஆட்டத்தை எப்போதும் மூன்றாவது பத்தியாகத் தாளில் வையுங்கள்.

அறிகுறி: "அட்டவணை கடினம்" என்ற விளக்கம் வருகிறது

நிமிடத்தில் சோதிக்கலாம். எதிரணிகளின் பருவ முடிவைக் கூட்டுங்கள். 2023-ன் முதல் நான்கு எதிரணிகள்: எல்எஸ்யூ 10-3, சதர்ன் மிசிசிப்பி 3-9, பாஸ்டன் கல்லூரி 7-6, கிளெம்சன் 9-4. மொத்தம் 29-22. 2024-ல்: ஜார்ஜியா டெக் 7-6, பாஸ்டன் கல்லூரி 7-6, மெம்ஃபிஸ் 11-2, கலிஃபோர்னியா 6-7. மொத்தம் 31-21. ஏறத்தாழ ஒரே எடை. போதாததற்கு பாஸ்டன் கல்லூரி, மெம்ஃபிஸ் இரண்டிடமும் தோற்றது டல்லஹாசியில், சொந்த மைதானத்தில். 2023-ல் பாஸ்டன் கல்லூரியையும் கிளெம்சனையும் அவர்கள் ஊருக்கே போய் வென்றார்கள். அட்டவணையைக் காரணமாக ஏற்க முடியாது.

அறிகுறி: ஓட்டத்தில் நம்ப முடியாத அளவு குறைந்த யார்டு

2024 பாஸ்டன் கல்லூரி ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் 16 ஓட்டத்தில் 21 யார்டு. இந்த எண்ணைப் பார்த்ததும் ஓட்டக்காரர்கள் மோசம் என்று முடிவுகட்டத் தோன்றும். பொறுங்கள்.

கல்லூரிக் கணக்கு முறையில் சாக், அதாவது எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைப் பின்னால் வீழ்த்துவது, ஓட்டமாகவே எழுதப்படுகிறது. இழந்த யார்டு ஓட்டக் கணக்கில் கழியும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-லில் அது எறிதல் கணக்கில் கழியும். அங்கே பார்த்துப் பழகியவர்கள் கல்லூரி எண்ணைத் தவறாகப் படிப்பது இதனால்தான். பிரித்தெடுக்க:

ஆட்டப் பட்டியலில் சாக் எண்ணிக்கையையும் அதில் போன யார்டையும் எடுங்கள். ஓட்ட எண்ணிக்கையிலிருந்து சாக்கைக் கழியுங்கள், ஓட்ட யார்டோடு இழந்த யார்டைத் திரும்பக் கூட்டுங்கள். பிறகு அதே சாக்கை எறிதல் முயற்சியில் சேர்த்து, எறிதல் யார்டில் கழியுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. தாளில் 30 ஓட்டம் 60 யார்டு, 30 எறிதல் 200 யார்டு என்று இருக்கிறது. 5 சாக்கில் 35 யார்டு போயிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஓட்டத்துக்கு 2.0, எறிதலுக்கு 6.7. அதாவது ஓட்டம் செத்துவிட்டது, எறிதல் பரவாயில்லை. பிரித்த பிறகு 25 ஓட்டம் 95 யார்டு, ஓட்டத்துக்கு 3.8. எறிய இறங்கிய 35 முறையில் 165 யார்டு, முறைக்கு 4.7. படம் தலைகீழ். ஓட்டம் சுமார், எறிதலுக்கான பாதுகாப்புத்தான் ஓட்டை.

பிரித்த பிறகும் ஓட்டம் 3 யார்டுக்குக் கீழேயே கிடந்தால் முன்வரிசை இரண்டு வேலையிலும் தோற்கிறது. அப்போது எறிபவரை மாற்றியோ ஓடுபவரை மாற்றியோ பயன் சிறிதுதான். ஓட்டம் சரியாகி எறிதல் மட்டும் தேய்ந்தால், சாக் எப்போது வருகிறது என்று பாருங்கள். மூன்றாவது டவுனில் எட்டுப் பத்து யார்டு பாக்கி இருக்கும்போதுதான் பெரும்பாலும் வருகிறதா? அப்படியானால் குற்றம் முதல் டவுனில் இருக்கிறது. முதல் டவுனில் ஒன்றும் கிடைக்காததால்தான் மூன்றாவது டவுன் நீளமாகிறது, எதிரணி எறிதலை மட்டும் எதிர்பார்த்துப் பாய்கிறது.

இதற்கு நல்ல அளவுகோல் வெற்றி விகிதம். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 விழுக்காடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த ஆட்டமுறை வெற்றி. சராசரி அணிக்கு இது 40 விழுக்காட்டைச் சுற்றி இருக்கும். முதல் டவுனுக்கு மட்டும் தனியாக எண்ணுங்கள். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு வந்த ஆட்டமுறைகளை விட்டுவிடுங்கள். கடைசிக் கால்பகுதியில் வித்தியாசம் 22-க்கு மேல் போனதும் எண்ணுவதை நிறுத்தலாம்.

அறிகுறி: எதிரணி தரைவழியாக இஷ்டத்துக்கு ஓடுகிறது

அதே இரவில் பாஸ்டன் கல்லூரி ஓடியது 263 யார்டு. ஆனால் பலகையில் 28 புள்ளிதான் என்பதால் "தடுப்பு ஓரளவு தாக்குப்பிடித்தது" என்று தோன்றுகிறது. முதல் அறிகுறியில் தடுப்பை விடுவித்தோமே, அதற்கு இங்கே ஒரு திருத்தம் தேவை. எதிரணி மெதுவாக ஓடி ஓடி நேரத்தைத் தின்றால் இரண்டு அணிக்கும் பந்து கைக்கு வரும் தடவை குறைகிறது. விட்ட புள்ளி குறைவாகத் தெரிவது அந்தக் குறைவாலும் இருக்கலாம். ஆகவே விட்ட புள்ளியை எதிரணியின் பந்துமுறைகளால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் அணிக்கு வழக்கமாக 10 முதல் 13 முறை பந்து வரும். பந்துமுறைக்கு 2 புள்ளி சராசரி; 2.5-ஐத் தாண்டினால் தடுப்பும் நோயாளிதான்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியிலிருந்து 10 பேர் போனார்கள். தடுப்பின் முன்வரிசையில் ஜாரெட் வெர்ஸ், பிரேடன் ஃபிஸ்க். பின்வரிசையில் ரெனார்டோ கிரீன், ஜேரியன் ஜோன்ஸ். தாக்குதலில் கியான் கோல்மன், டிரே பென்சன், டிராவிஸ். இன்னொன்றும் கவனியுங்கள். வெர்ஸ் ஆல்பனியிலிருந்தும், ஃபிஸ்க் மேற்கு மிச்சிகனிலிருந்தும், கோல்மன் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்தும், பென்சன் ஆரிகனிலிருந்தும் கல்லூரி மாறி வந்து சேர்ந்தவர்கள். இப்படிக் கட்டிய அணியில் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் குறைவாக இருப்பார்கள். வந்தவர்கள் போனதும் இன்னொரு கூட்டத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அந்த வலையில் ஓர் ஆண்டு மீன் விழாவிட்டால் பள்ளம்தான். தொடக்கம் சரிந்த அணியில் முதல் 22 பேரை எழுதி, மூன்று ஆண்டாக அங்கேயே இருப்பவர் எத்தனை, இந்தக் கோடையில் வந்தவர் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். புள்ளிவிவரம் பேசாத இடத்தில் இந்த எண் பேசும்.

அறிகுறி: தோல்விகள் எல்லாம் நூலிழையில்

ரசிகர்கள் மிக அதிகமாக ஏமாறுவதும், மிக அநியாயமாகக் கோபப்படுவதும் இங்கேதான். டப்ளினில் ஜார்ஜியா டெக் கடைசி நொடியில் 44 யார்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து 24-21 என்று வென்றது. மெம்ஃபிஸிடம் எட்டுப் புள்ளி வித்தியாசம். "கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால்" என்ற பேச்சு உடனே வந்தது. அதைக் கணக்கால் சோதிக்க முடியும்.

ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் எட்டு. எனவே எட்டுக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எடுங்கள். 2023-ல் பாஸ்டன் கல்லூரி (2), கிளெம்சன் (7), மியாமி (7): மூன்றிலும் வெற்றி. 2024-ல் ஜார்ஜியா டெக், மெம்ஃபிஸ், டியூக்கிடம் தோல்வி, கலிஃபோர்னியாவை மட்டும் வென்றது: 1-3. நெருங்கிய ஆட்டங்களில் நீண்ட காலத்துக்குப் பாதி பாதிதான் கிடைக்கும். 3-0 தொடர்ந்து நிலைக்காது என்பது 2023 டிசம்பரிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அடுத்து, எடுத்த புள்ளியும் விட்ட புள்ளியும் எத்தனை வெற்றிக்குத் தகும் என்று பார்க்கும் சூத்திரம். எடுத்ததை விட்டதால் வகுங்கள். விடையை 2.37 அடுக்குக்கு உயர்த்துங்கள். வந்ததை, அதனுடன் ஒன்றைக் கூட்டியதால் வகுங்கள். ஆட்ட எண்ணிக்கையால் பெருக்குங்கள். கைபேசியின் அறிவியல் கால்குலேட்டரே போதும்.

2024 முதல் நான்கு: 60 ÷ 81 = 0.74. அடுக்கு போட்டால் 0.49. 0.49 ÷ 1.49 = 0.33. நான்கு ஆட்டத்துக்கு 1.3 வெற்றி. கிடைத்தது 1. ஆக, துரதிர்ஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1-3 என்பது அந்த ஆட்டத்துக்கு உரிய பலன்.

2023-ல் பவுலுக்கு முந்தைய 13 ஆட்டம்: 481-க்கு 207. சூத்திரம் தருவது ஏறத்தாழ 11.5 வெற்றி, கிடைத்தது 13. மிக நல்ல அணிதான், ஒன்றரை வெற்றி அதிகப்படி. சரிவின் ஆழத்தை அளக்கும்போது 13-லிருந்து அளக்காமல் பதினொன்றரையிலிருந்து அளப்பதே நியாயம்.

உண்மையிலேயே துரதிர்ஷ்டமான தொடக்கம் எப்படி இருக்கும்? அதே அணியின் 2021-ஐப் பாருங்கள். 0-4! நோட்ரே டேமிடம் கூடுதல் நேரத்தில் 41-38, கீழ்ப்பிரிவு ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் 20-17, வேக் ஃபாரஸ்ட்டிடம் 35-14, லூயிவில்லிடம் 31-23. எடுத்தது 92, விட்டது 127. சூத்திரம் 1.3 வெற்றி என்கிறது, கையில் பூஜ்யம். பலகையில் 2024-ஐவிட மோசம். ஆனால் ஆட்டத்துக்கு 23 புள்ளி எடுக்கும் தாக்குதல் உயிரோடு இருந்தது, இரண்டு தோல்வி மூன்று மூன்று புள்ளியில். டிராவிஸை முதன்மைக் குவார்ட்டர்பேக்காக வைத்துக்கொண்டு மீதி எட்டில் ஐந்தை வென்று 5-7-ல் முடித்தார்கள். 2024-ல் 1-3-க்குப் பிறகு எட்டில் ஒன்றுதான், அதுவும் எஃப்சிஎஸ் அணியிடம். 0-4 அணி எழுந்தது, 1-3 அணி மூழ்கியது. வெற்றி தோல்விப் பத்தியை மட்டும் பார்த்தவர் இரண்டையும் தலைகீழாகக் கணித்திருப்பார்.

பந்து பறிபோனதையும் இங்கேயே சோதியுங்கள். நழுவிய பந்து யார் கைக்குப் போகும் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஓர் அணி பத்தில் எட்டை இழந்திருந்தால் அது திரும்பும். தடுப்பாளர் கை பட்ட எறிதல்களில் சுமார் ஐந்தில் ஒன்று இடைமறிப்பாகும். அதைவிட மிக அதிகமாக ஆகியிருந்தால் அதுவும் தணியும். ஆனால் கை படுவதே அதிகமாக இருந்தால் அது எறிபவரின் பிழை, தணியாது.

அறிகுறி: எறிபவரை மாற்றியும் மாற்றமில்லை

கிளெம்சன், ஆரிகன் ஸ்டேட் வழியாக வந்த டிஜே உயங்கலலேய் முதல் ஐந்து ஆட்டம் ஆடினார். எஸ்எம்யூவிடம் 42-16 தோல்வியில் மூன்று இடைமறிப்பு. எறியும் கையில் காயம். அதன் பின் பிராக் கிளென், லூக் குரோமன்ஹோக்.

மாற்றத்துக்கு முன் 5 ஆட்டத்தில் 76 புள்ளி: சராசரி 15.2. மாற்றத்துக்குப் பின் சார்ல்ஸ்டன் சதர்ன் நீங்கலாக 6 ஆட்டத்தில் 68: சராசரி 11.3. வந்தவர்கள் அனுபவம் குறைந்தவர்கள், எதிரணிகள் கடினமானவை. இரண்டையும் தள்ளிக் கொடுத்தாலும், பிரச்சினை ஓர் ஆளிடம் மட்டும் இருந்திருந்தால் ஒரு ஆட்டமாவது 20-ஐத் தொட்டிருக்கும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் எண் அசையவில்லை என்றால் கோளாறு அந்தப் பாகத்துக்கு முன்னால் இருக்கிறது. இங்கே அது தாக்குதலின் முன்வரிசையும் ஆட்டமுறைத் திட்டமும். நவம்பர் 10-ல், நோட்ரே டேமிடம் 52-3 என்று தோற்ற மறுநாள், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் அலெக்ஸ் ஆட்கின்ஸும் தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஆடம் ஃபுல்லரும் நீக்கப்பட்டார்கள்.

அறிகுறி: முதலில் தாங்கிய தடுப்பு, பிறகு உடைந்தது

முதல் நான்கு ஆட்டத்தில் விட்டது ஆட்டத்துக்கு 20. அடுத்த எட்டில், சார்ல்ஸ்டன் சதர்ன் நீங்கலாக, 35. செப்டம்பர் எண்ணை வைத்துத் தடுப்பைப் புகழ்ந்தவர்கள் அக்டோபரில் குழம்பினார்கள். மூன்று யார்டில் மூன்று முறை முட்டிவிட்டுப் பந்தை உதைத்துக் கொடுக்கும் தாக்குதல் இருந்தால் தடுப்புப் பிரிவுக்கு ஓய்வே கிடைக்காது. நான்காவது கால்பகுதியில் விட்ட ஓட்ட யார்டையும் முதல் கால்பகுதியில் விட்டதையும் ஒப்பிடுங்கள். நான்காவதில் இரட்டிப்பாக இருந்தால் களைப்பு. இரண்டும் சமமாக மோசமாக இருந்தால் ஆள் பற்றாக்குறை.

அறிகுறி: எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை

இரண்டு பருவத்திலும் ஆடிய பொது எதிரணிகளை மட்டும் எடுங்கள். ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்து கிடைக்கின்றன.

பாஸ்டன் கல்லூரி: 31-29 வெற்றி, பிறகு 13-28 தோல்வி. சரிவு 17 புள்ளி.
கிளெம்சன்: 31-24, பிறகு 13-29. சரிவு 23.
டியூக்: 38-20, பிறகு 16-23. சரிவு 25.
மியாமி: 27-20, பிறகு 14-36. சரிவு 29.
ஃபுளோரிடா: 24-15, பிறகு 11-31. சரிவு 29.

சராசரி 24.6. அதைவிட முக்கியம் வரிசை: 2024-ல் ஆடிய தேதிப்படியே அடுக்கியிருக்கிறது, ஒரு இடத்திலும் பள்ளம் தூரவில்லை. தொடக்கச் சரிவு பழக்கக் குறைவால் வந்திருந்தால் இந்த எண் நவம்பரில் சுருங்கும். விரிந்துகொண்டே போனால் ஆட்களும் திட்டமும் போதவில்லை என்று பொருள். எதிரணிகளும் ஓராண்டில் மாறியிருக்கும் என்பதால் ஒரு எதிரணியின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், மூன்று எதிரணியாவது வேண்டும்.

அறிகுறி: அடுத்த ஆண்டுத் தொடக்கம் அபாரம், நோய் போய்விட்டதா?

இதுவும் கோளாறுப் பட்டியலில் சேர வேண்டியதே. 2025-ல் கஸ் மால்சான் தாக்குதலுக்கும் டோனி ஒயிட் தடுப்புக்கும் வந்தார்கள். முந்தைய ஆண்டு பாஸ்டன் கல்லூரிக்காக இவர்களைத் தோற்கடித்த காஸ்டெயானோஸே அந்த ஆண்டு குவார்ட்டர்பேக். அலபாமாவை 31-17, கிழக்கு டெக்சாஸ் ஏ அண்டு எம்மை 77-3, கென்ட் ஸ்டேட்டை 66-10. மூன்று ஆட்டத்தில் 174-க்கு 30. 2023-ன் நான்கு ஆட்ட 173-ஐ மூன்றிலேயே தாண்டியாயிற்று.

தாளைச் சுத்தம் செய்யுங்கள். ஒன்று எஃப்சிஎஸ், ஒன்று மேல்பிரிவின் மிக வலுவற்ற அணிகளில் ஒன்று. மிஞ்சுவது அலபாமா ஆட்டம் மட்டும். ஓர் ஆட்டத்தை வைத்து எந்தச் சராசரியும் போட முடியாது. அடுத்து வர்ஜீனியாவிடம் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பின் 46-38, மியாமியிடம் 28-22, பிட்ஸ்பர்க்கிடம் 34-31, ஸ்டான்ஃபோர்டிடம் 20-13. நான்கும் தோல்வி, நான்கும் எட்டுப் புள்ளிக்குள். பருவம் 5-7.

சூத்திரமும் இங்கே வழுக்கும். 12 ஆட்டத்தில் 396-க்கு 264 என்று போட்டால் 8.7 வெற்றிக்குத் தகுதி என்கிறது. ஊதித் தள்ளிய அந்த இரண்டு ஆட்டத்தையும் (77-3, 66-10) எடுத்துவிட்டால் 10 ஆட்டத்தில் 253-க்கு 251. தகுதி 5 வெற்றி, கிடைத்தது 3. உண்மை இரண்டாவது கணக்கில் இருக்கிறது: 2024-ஐவிட வெகுவாகத் தேறிய, சரியாக நடுத்தரமான, நெருங்கிய ஆட்டத்தில் அடிவாங்கிய அணி. சூத்திரம் போடும்போது 40 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்த ஆட்டத்தில் வித்தியாசத்தை 28-க்கு வெட்டிப் போடுங்கள், அல்லது ஆட்டத்தையே விட்டுவிடுங்கள். இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து விடை ஒரு வெற்றிக்கு மேல் மாறினால், இன்னும் இரண்டு சமபல ஆட்டம் முடியும்வரை எந்த முடிவையும் எழுதாதீர்கள்.